வான்கோழியைக் கூப்பிட்ட காலை

குரல்நாணில் வளர்ந்திருந்த சிறு கட்டியை எடுத்த பிறகு, டாக்டர் சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது என்றார்கள். கிசுகிசுப்பதும் ஆகாதாம். நான் தொலைபேசியில் மொழிபெயர்ப்புச் செய்பவன். ஆஸ்பத்திரிக்கும் கவுன்சிலுக்கும் மற்றவர்கள் பேச்சை நாள் முழுக்க இரண்டு மொழிகளில் சொல்லி வந்தவன், லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் வெயில் கம்பளத்தின் மேல் நகர்வதைப் பார்த்தபடி, தண்ணீருக்கடியில் இருப்பவன்போல இருந்தேன்.

கீழே இருக்கும் மனைவியைக் கூப்பிடக் கை தட்டுவேன். "நாயைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு" என்று கோபிப்பாள்.

அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய தம்பி, வசந்தம் வந்தால் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவன். என் நிலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு பார்சல் அனுப்பினான். உள்ளே ஒடுங்கிய மரப்பெட்டி ஒன்று. அதன் மேல் ஒரு முனையில் திருகாணியால் பிணைத்த, கைப்பிடி வைத்த மூடி. மூடியின் அடியில் சோக்குக்கட்டியைத் தேய்த்து, பெட்டியின் மெல்லிய விளிம்பில் உரசினால் பெட்டை வான்கோழியின் குரல் எழும். அதைக் கேட்டுச் சேவல் தேடி வருமாம்.

வீடியோவில் அவனே சொல்லித் தந்தான். "அத்தான், அழுத்தாதேங்கோ. மூடியின்ர பாரமே காணும். விடியக்காலமை மரத்தில இருக்கிற பெட்டை அரைநித்திரையில முனகிற மாதிரி இழுங்கோ. சேவல் பதில் சொன்னா உடன திரும்பக் கூப்பிடக் கூடாது. பேசாமல் இருந்தாத்தான் கிட்ட வரும்."

முதலில் எண்ணெய் காணாத கதவுபோலக் கிரீச்சிட்டது. பிறகு கை பழகியது. மெல்ல நீட்டி இழுத்தால் தேநீர் வேண்டும். சின்னதாக ஒரு தட்டுத் தட்டினால் 'ஓம், சரி'. "வாறன், வாறன்" என்று கீழேயிருந்து பதில் வரும்.

ஒரு காலை, நகரத்துக்குள்ளேயே இருக்கும் சிறு பண்ணை ஒன்றுக்கு அவள் என்னை அழைத்துப் போனாள். புல்லில் பனிப்புகை இன்னும் கலையவில்லை. கம்பிவேலிக்கு அப்பால், தூரத்தில், கறுத்த வான்கோழிச் சேவல் ஒன்று தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து பெட்டியை எடுத்து மூடியை மெல்ல இழுத்தேன்.

சேவல் கழுத்தை நீட்டியது. அடுத்த கணம் அதன் கொக்கரிப்பு புகைக்குள் உருண்டு வந்தது. இன்னொரு தரம் கூப்பிடக் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

அது வந்தது. வாலை விசிறியாய் விரித்து, சிறகு நுனிகள் மண்ணில் உரச, கனவில் நடப்பதுபோல மெதுவாக வந்தது. வேலியருகே நின்று எங்களைத் தாண்டிப் பார்த்தது.

"பாவமப்பா. ஆரைத் தேடுறார்?" என்றாள். பெட்டியை மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சேவல் வாலைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் போனது. நாங்கள் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சேவலைப் பார்த்தபடியே அவள் பேசத் தொடங்கினாள்.

"கலியாணம் கட்டி வந்த புதுசில, நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு, அப்ப இருந்த பிளேஸ்டோ வீட்டு ஜன்னலடியில நிண்டு, றோட்டால போற சனத்துக்குப் பேர் வைச்சுக் கூப்பிடுவன். மனசுக்குள்ளதான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை."

இத்தனை வருடங்களில் அதை அவள் சொன்னதே இல்லை. குரல் இருந்திருந்தால் ஏதோ ஆறுதல் சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடித்திருப்பேன். முடியாததால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னும் சொன்னாள்: சிவப்புத் தொப்பிக்காரர், நாயோடு வரும் கிழவி, எப்போதும் ஓடும் தபால்காரர். பஸ் தரிப்பிடத்திலும் சொன்னாள். பஸ் வந்து, மேல்தட்டில் முன்சீட்டில் உட்கார்ந்த பின்னும் சொன்னாள்.

குரல் பிறகு திரும்பி வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்து. வேலைக்கும் போனேன். ஆனால் மாலையில் அவள் ஏதாவது சொல்லி நடுவில் நிறுத்தினால், இப்போது நான் உடனே பேசுவதில்லை.