இணுவில்காரரின் ஹிந்தி

யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கு ஒதுங்கி ஒரு புதிய ஹிந்திக் காதல் படம் பார்க்கிறேன். இரண்டு மணி நேரமாக ஒரு முத்தத்துக்கு வழி தேடும் படம். சென்னைக்காரனான நான் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைத் துரத்துகிறேன். பக்கத்து இருக்கையில் மகளுடன் வந்திருக்கும் இணுவில் கிராமத்துக்காரர், புகையிலை பயிரிடுகிறவர், அந்த வரிகளைப் பார்ப்பதே இல்லை.

"உங்களுக்கு ஹிந்தி தெரியுமா ஐயா?"

"நாலைஞ்சு சொல்லுத்தான். எண்பத்தேழிலை ஹிந்தி கதைக்கிற இந்தியன் ஆமி துவக்கை நீட்டிக்கொண்டு எங்கடை சந்தியிலை சென்ரி போட்டுக் காவல் நிண்டதெல்லோ. அப்ப பிடிபட்டது. இந்தியாவிலை இருந்து வந்த உங்களுக்குத் தெரியாதோ?"

சிரித்துச் சமாளிக்கிறேன்.

கடைசிக் காட்சி. ரயில் நிலையத்தில் நாயகி கோபத்தோடு பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறாள். நாயகன் பின்னால் ஓடிவந்து "ருக்கோ!" என்று கத்துகிறான். அவள் நிற்கிறாள். அரங்கம் முழுக்க விசில். மகள் கண்ணைத் துடைத்தபடி கைதட்டுகிறாள். அவர் மட்டும் முன்சீட்டை இறுகப் பிடித்திருக்கிறார்.

"நில் எண்டு சொல்லுறான்," என்கிறார் என் பக்கம் திரும்பாமலே. "அண்டைக்குச் சென்ரியிலை என்ரை தம்பிக்கு உது விளங்கேல்லை. அவன் சைக்கிளை உழக்கிக்கொண்டே போனவன்."