கடல் குதிரையின் சாப்பாடு

அம்பத்தூரில் குடியிருந்தபோது, என் கணவர் காசிமேட்டிலிருந்து ஒரு கடல் குதிரையைக் கடல் தண்ணீரோடு குடத்தில் கொண்டுவந்தார். விரல் நீளம்தான். கண்ணாடித் தொட்டியில் விட்டு இறால் தூள் தூவினேன். நாள் கணக்கில் அது வாயே திறக்கவில்லை. செத்துவிடுமோ என்று பயந்தேன்.

தொட்டியில் தண்ணீர் வற்றியிருந்தது. எங்கள் வீட்டிலும் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா இல்லாத நேரம் பார்த்து, அவள் பீப்பாயில் ஒரு சொம்பு மொண்டு வந்து ஊற்றினேன். அதில் ஒரு கொசுப்புழு நெளிந்தது. கடல் குதிரை மெல்லத் திரும்பி, சடக்கென்று அதை உறிஞ்சிவிட்டது!

பீப்பாயை மூடச் சொல்லி அவளோடு தினமும் சண்டை போட்டவள் நான். மறுபடி மொள்ளும்போது அவளே வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, நான் கொசு வளக்கிறேன்னு நேத்துதானே கத்துனே?"

விஷயத்தைச் சொன்னேன். என்னை முந்திக்கொண்டு வந்து தொட்டி முன் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு உடுக்கா, பாப்போம்!"

கொசுக்கடியைச் சொறிந்துகொண்டே இருவரும் இருட்டும்வரை பார்த்தோம். அத்தனை நாள் பக்கத்து வீட்டில் இருந்தும், அவளோடு சேர்ந்து நான் ஒன்றைப் பார்த்தது அன்றுதான்.