டக்ட் வழியே வந்த இணையம்

கசார்வாடியில் நாங்கள் முதல் மாடி. என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார், நேர் மேலே இரண்டாவது மாடி. இரண்டு வீட்டுக்கும் கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்வது என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். மோடம் மேலே, மூத்தாரின் கம்ப்யூட்டரில். அங்கிருந்து ஒரு நீலக் கேபிள், கக்கூஸ் குழாய்கள் இறங்கும் டக்ட் வழியாக எங்கள் குளியலறை ஜன்னலுக்குள் வந்தது. அந்த டக்டை எட்டிப் பார்த்தவர்களுக்கு அன்று சோறு இறங்காது. புறா எச்சம், கசியும் குழாய், யாரோ வீசிய தலைமுடிச் சுருள். கேபிள் எப்போதும் வழவழவென்று இருக்கும். அதைத் துடைப்பது என் வேலை.

அதைவிட அருவருப்பு மேல்வீட்டில். மூத்தாரின் கம்ப்யூட்டர் ஓடினால்தான் என்னுடையதில் இணையம் வரும். அணைத்துவிட்டால் நான் படியேறிப் போய்க் கேட்க வேண்டும். கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் அவர் நகம் வெட்டுவார். வெட்டிய துணுக்குகள் எழுத்துகளின் இடுக்கில் கிடக்க, சிப்ஸ் தின்ற எண்ணெய்க் கையால் மௌஸைப் பிடிப்பார். அந்த அறையில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்பேன்.

குழந்தைக்காக விட்ட வேலையை மறுபடி பிடிக்க, ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனி நேர்காணலை முடித்துவிட்டுக் காத்திருந்தேன். வியாழக்கிழமை எங்கள் பக்கம் வழக்கமாகக் கரண்ட் இருக்காது. வெள்ளி காலை வீட்டு வேலை முடித்து, பத்தரைக்கு மேல் மெயிலைத் திறந்தபோதுதான், முந்தின நாளே வேலை கிடைத்துவிட்ட செய்தி வந்திருந்தது தெரிந்தது. அன்று பகல் பன்னிரண்டுக்குள் சம்மதம் என்று மெயில் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. பதிலைப் பாதி அடித்திருந்தேன், கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. என் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். இணையம் இல்லை. மேலே ஓடினேன்.

மூத்தார் அணைந்த திரைக்கு முன்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார்.

"பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம்மா. ஓடிட்டிருந்தா பரவால்ல. நின்னுபோனதை இப்ப ஆரம்பிக்கக் கூடாது. அதுவும் வேலை விஷயம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதுதான். கெஞ்சினேன். பன்னிரண்டு அடித்ததும் தானே போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு, குடைந்த குச்சியை மோந்து பார்த்தார். கணவருக்குப் போன் செய்தேன். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று இழுத்தார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹைவே ஓரத்துச் சைபர் கஃபேக்கு ஓடினேன். அங்கே கரண்ட் வந்தும் இணையம் வரவில்லை. அது வந்து நான் பதில் அனுப்பியபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. இடம் நிரம்பிவிட்டது என்று திங்கட்கிழமை எழுதிவிட்டார்கள்.

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் மூத்தார் கீழே வந்தார். எங்கள் அப்பளத்தை எடுத்து நொறுக்கிக்கொண்டே, "பாத்தியா, ராகு காலத்துல பாத்த சேதி. அதான் தங்கல" என்றார்.

என் கணவர் தலை நிமிராமல், "ஆமாண்ணா" என்றார்.

கணவர் தட்டில் குழம்பு ஊற்ற எனக்குக் கை கூசியது.