சிலிக்காரருக்கு டாக்கோ பழக்கியது யார்

பொறியியல் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வசந்தகாலத்தில், ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதில் ஆசிரியையாக இருந்தேன். கணிதத்துக்குத்தான் எடுத்தார்கள். சமூகக் கல்வி ஆசிரியைக்குச் சுகமில்லாமல் போனதும் அவருடைய பத்தாம் வகுப்பும் என்னிடம் வந்தது. பாடம், ஒஸ்லோவுக்குக் குடிவந்த லத்தீன் அமெரிக்கர்.

ஆசிரியை தொலைபேசியில் ஒரு மாணவனைப் பற்றியே அதிகம் சொன்னார். எழுத்தில் கெட்டிக்காரன், ஆனால் வருடம் முழுக்க வாய் திறக்கவில்லை. இன்றும் பேசாவிட்டால் வாய்மொழிப் புள்ளி போட வழியில்லை. அது இல்லாமல் அடுத்த வருடம் அவன் ஆசைப்பட்ட மின்சாரப் பிரிவில் இடம் கிடைப்பது கஷ்டம். தாய் தகப்பன் சிலியிலிருந்து வந்தவர்கள், அதைப் பற்றிக் கேட்டால் பேசுவான் என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் படித்த காலத்தில் செய்தியில் இலங்கை வந்தால் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். எனக்குத் தெரிந்ததோ ஒஸ்லோவில் நான் வளர்ந்த எல்லிங்ஸ்ருட் மட்டும்தான். அவனை எழுப்பிக் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன். பேச இடம் மட்டும் விடலாம்.

கரும்பலகையில் கட்டம் போட்டேன்: நாடு, வந்த காரணம், வேலை, உணவு. சிலிக்கு நேரே, உணவு என்ற இடத்தில், யோசிக்காமல் 'டாக்கோ' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை இரவென்றால் நோர்வே முழுக்க டாக்கோ மணக்கும். எங்கள் வீட்டிலும்தான்.

பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. அவன்தான்.

வகுப்பில் பேசியது நோர்வேஜிய மொழியில். எனக்கு எங்கள் வீட்டுத் தமிழில் நினைவில் நிற்பது இப்படி:

"அது மெக்சிக்கோச் சாப்பாடு. அம்மா அதைப் பழகினது இஞ்சைதான். மேல்மாடி நோர்வேஜிய மனுசி செய்து காட்டினவ. பெட்டியில விக்கிற டாக்கோ."

முன்வரிசைத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி திரும்பினாள். "அட, உனக்குக் கதைக்கவும் தெரியுமோ?"

"நீ வாயை மூடினால்தானே மற்றவை கதைக்கலாம்."

வகுப்பு சிரித்து அடங்கியது. அவன் நிறுத்தவில்லை. தகப்பன் இராணுவ ஆட்சிக்குப் பயந்து வந்தவர். ஆட்சி மாறியதும் குடும்பத்தோடு திரும்பிப் போய், அங்கே ஒட்டமுடியாமல் மறுபடி ஸ்டோவ்னருக்குப் பக்கத்து வெஸ்ட்லிக்கே வந்தார். அவனுடைய பந்தடிக் குழுவில் கொலம்பியாவில் பிறந்த ஒருவன் இருக்கிறான். நோர்வேஜியக் குடும்பம் தத்தெடுத்து வளர்த்த பிள்ளை, ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. "அவனை எந்தக் கட்டத்தில போடுவீங்கள்?" என்று என்னைக் கேட்டான்.

பதிலுக்குக் காத்திராமல் அவனே தொடர்ந்தான்.

"அங்கை இருக்கேக்க அப்பா சிலிக்காரர் மட்டும்தான். லத்தீன்காரர் ஆனது ஒஸ்லோவிலதான்."

கேலி செய்தவளே அடுத்த கேள்வியைக் கேட்டாள். "திரும்பிப் போனவை ஏன் ஒட்டேல்லை?" அவன் நேரமெடுத்து, குரல் உயர்த்தாமல், தகப்பனைச் சிறுமைப்படுத்தாமல், அவர் விட்டுப்போன நாடு அங்கே இல்லை, அங்குள்ளவர்களுக்கு அவர் வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டார் என்று விளக்கினான். பல்கலைக்கழகத்தில் நான் கேட்ட பல விரிவுரைகளுக்கு அந்தத் தெளிவு இருந்ததில்லை. மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் அவன் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

அன்று மாலை ஆசிரியையை அழைத்து, அவன் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன்.

"நல்லது, நாலு போடலாம்," என்றார். ஆறுதான் உச்சப் புள்ளி.

"ஐந்து," என்றேன்.

"ஒரு பாடவேளை பேசினதுக்கா?"

அவன் தகப்பனைப் பற்றிச் சொன்னதை முதலிலிருந்து மறுபடி சொன்னேன். ஆசிரியை இடைமறிக்காமல் கேட்டார். ஐந்து போட்டார்.