தோசைக்கல்லும் ஹெல்மெட்டும்

காலையில திருவாதவூர்ல நண்பன் முத்துவோட தோப்புல இருந்தேன். புதுசா ஏர்கன் வாங்கியிருக்கான். குறி பார்க்க வேப்பமரத்துல பழைய தோசைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தான்.

"மாப்ள, கல்லு பூரா குழி. குண்டு பட்டா எந்தப் பக்கமும் திரும்பி வரும். தள்ளி நில்லு, கண்ணுக்கு ஏதாச்சும் மாட்டு"ன்னேன்.

"பலூன் சுடுற துப்பாக்கிக்கு இம்புட்டு பயமா?"

அவன் பைக்குல சும்மா தொங்குற ஹெல்மெட்டை நானே மாட்டிவிட்டு, கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். திட்டிக்கிட்டே சுட்டான்.

கல்லுல டங்குன்னு ஒரு சத்தம். உடனே ஹெல்மெட்ல டொக்குன்னு இன்னொண்ணு. கண்ணாடியில, வலது கண்ணுக்கு நேரா, ஒரு கீறல்.

கல்லை நான்தான் கழட்டினேன்.

திரும்பி வாரப்போ வழியெல்லாம் ஹெல்மெட்டோடதான் ஓட்டினான். டீக்கடையில உக்காந்தப்பவும் கழட்டல.

போலீஸ் கைகாட்டி நிறுத்தியும் ஹெல்மெட் போடாதவனுக்கு ஒரு தோசைக்கல் தேவைப்பட்டிருக்கு. உங்க வீட்டு ஆளுக்கு எது தேவைப்படும்?