பதினோரு வாசல் வைத்த மாட்யூல்

வாசல் வைப்பதில் என்னைப்போல முட்டாள் கிடையாது. வீட்டு வாசலைச் சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஆட்களின் வருகையைக் கவனிக்கும் பகுதி, அதாவது மாட்யூல், என்னுடையது. உள்ளே பதினோரு ரொட்டீன்கள், ஆளுக்கொரு வேலை செய்யும் சின்னச் சின்ன புரோகிராம் துண்டுகள். மற்ற புரோகிராம்கள் வெளியிலிருந்து கூப்பிட இரண்டே போதும்: வந்தவரைப் பதிய ஒன்று, பட்டியலைக் கொடுக்க ஒன்று. நானோ பதினொன்றுக்கும் வாசல் வைத்துத் திறந்துவிட்டேன். எழுதியதெல்லாம் நாலு பேர் கண்ணில் படட்டுமே என்ற பெருமைதான்.

அதில் ஒன்று, வராதவரையும் வந்தவராகப் பட்டியலில் ஏற்றிவிடும். சோதனைக்காக எழுதி வைத்திருந்தது. கேன்டீன் புரோகிராம் எழுதிய பாடாலூர் நண்பர் அதைப் பிடித்துக்கொண்டார். கார்டும் விழவில்லை, லீவ் லெட்டரும் இல்லை என்றால் ஆள் கார்டு போட மறந்திருப்பார் என்பது அவர் முடிவு. யாருக்கும் சாப்பாடு விட்டுப்போகக் கூடாதாம். மட்டம் போட்டவர்கள் எவரும் புகார் சொல்லவில்லை.

அந்தச் சமயம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஆள் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். அவரும் லீவ் லெட்டர் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஷிப்ட் பட்டியலில் அவர் எண் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. பிரிண்டர் கறகறவென்று அந்த வரிக்கு வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கேன்டீனில் பட்டியல்படி தட்டு வைப்பார்கள். அவர் தட்டில் சோறு ஆறிக் கிடக்கும். பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒருநாள் தட்டு காலியாக இருந்தது. யார் சாப்பிட்டது என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் அவர் மனைவி வந்தார். கணவருக்குப் பதில் தனக்கு வேலை கேட்டிருந்தார்.

"லிஸ்ட்ல ஆளு தெனம் வந்துட்டுத்தான் இருக்காரும்மா. அது சரியானாத்தான் ஆர்டர் போட முடியும்," என்றார் ஆபீஸ் கிளார்க்.

அன்றைக்கே ஒன்பது ரொட்டீன்களை உள்ளே தள்ளி அடைத்தேன்.

"யோவ், என் புரோகிராம் படுத்துரும்யா!" என்று கத்தினார் நண்பர்.

"மொதல்ல அந்த மனுசன் படுக்கட்டும்யா."

பழைய பட்டியல்களிலும் நாள் நாளாக அவரை அழித்தேன். ஒரே ஆளைத் திரும்பத் திரும்பச் சாகடிப்பதுபோல இருந்தது.

ஆர்டர் வாங்க அந்த அம்மா வந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. இத்தனை நாளா உங்க வூட்டுக்காரரை நான்தான் வேலைக்கு வர வச்சிட்டிருந்தேன்."

நிமிர்ந்து பார்த்தார்.

"வூட்டுக்கு வர வச்சிருக்கலாம்ல."