கழற்றி எடுத்த முகப்பு

அலுவலகத்தில் அவளுக்கு ‘அளவுக்காரி’ என்று பெயர். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பத்தொன்பது வருடமாக வீடுகளின் முன்தோற்றம் வரைகிறவள். அவள் வரைந்த ஜன்னல்கள் பல தெருக்களில் நிஜமாகி நிற்கின்றன. வரைபடத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் இன்ஜினியர். அதில் அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. வேலை என்றால் இப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இரண்டு தெரு தள்ளித் தம்பியின் குடும்பம். தம்பி மகளை எல்லாரும் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சுண்டுவின் எட்டாவது பிறந்தநாளுக்குத் தம்பி ஒரு பொம்மை வீடு வாங்கிக் கொடுத்தான். பலகையில் செய்தது, நாலு அறை, பின்பக்கம் திறப்பு, முன்பக்கம் வெறும் மஞ்சள் பெயின்ட். சுண்டு அதைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் வந்து நின்றாள்.

“அத்தை, இது வீடு மாதிரியே இல்ல. செருப்பு டப்பா மாதிரி இருக்கு.”

கையில் பள்ளிப் புத்தகம். அதில் பிரெஞ்சு நாட்டுத் தெரு ஒன்றின் படம். தரையைத் தொடுகிற மாதிரி ஒல்லி ஒல்லியாக உயர்ந்த ஜன்னல்கள், கறுப்புக் கம்பி வேலைப்பாடு செய்த சின்ன பால்கனிகள், சுவர் மாதிரி செங்குத்தாக ஏறி உச்சியில் படுத்துக்கொள்ளும் சாம்பல் நிறக் கூரை. “இது மாதிரி பண்ணித் தருவியா?”

மூன்று மாதம் பிடித்தது. மெல்லிய பலகையில் முகப்பை வெட்டினாள். பசையில் சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துப் பூசி, காய்வதற்குள் காம்பஸ் முனையால் கோடு கிழித்துக் கல் கல்லாகப் பிரித்தாள். ஜன்னல் கதவுகளுக்கு ஐஸ்கிரீம் குச்சிகள். பால்கனிக்கு ஒரு பழைய கறுப்பு லேஸ். அதைப் பசையில் முக்கி, கண்ணாடி மேல் ஒட்டிக் காயவைத்தால் இரும்பு மாதிரி விறைத்துக்கொண்டது. கூரை ஓடுகளைப் பிஸ்கட் டப்பா அட்டைகளில் வெட்டினாள், நகம் அளவில், அறுநூற்றுப் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்டு வந்து ஓடுகளுக்கு வண்ணம் அடித்தாள்.

“எல்லாத்தையும் ஒரே சாம்பலா அடிக்காதே. நிஜக் கூரை அப்படி இருக்காது” என்பாள் அத்தை.

“இது நீலமா போயிடுச்சு அத்தை.”

“போகட்டும். நல்லாத்தான் இருக்கு.”

கூரையின் முன்சரிவும் சேர்த்து முகப்பு முழுவதும் ஒரே பலகையில் நின்றது. தூசி தட்ட வசதியாக இருக்கட்டும் என்று உள்ளிருந்து நாலு ஸ்க்ரூ போட்டு வீட்டோடு பொருத்தினாள். ஒரு சனிக்கிழமை தம்பி வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் சுண்டு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அளவுக்காரியே கிளம்பிப் போனாள். பிள்ளை அறைக்குள் குப்புறப் படுத்திருந்தது. தம்பி மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவர் அதை ஆபீஸ் மேனேஜருக்குக் குடுத்துட்டாருக்கா.”

தம்பி சோபாவில்தான் இருந்தான்.

“வர்ற வழியில ஒரு ஃபைல் குடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். கார்ல பார்த்துட்டு எங்க வாங்கினேன்னு கேட்டார். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நான் என்ன பண்றது?”

“அக்கா செஞ்சதுன்னு சொன்னியா?”

அவன் டிவி ரிமோட்டைத் தேடினான்.

“சொன்னியாடா?”

“வெளிநாட்டுல இருந்து வரவழைச்சேன்னு வாயில வந்துடுச்சு. இப்ப என்ன, இன்னொண்ணு செஞ்சிடேன். அட்டையும் பசையும்தானே.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. கத்தவில்லை. கத்தினால் அழுகையும் சேர்ந்து வந்துவிடும் என்று தெரியும். இவன் முன்னால் அழுவதாவது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வழிநெடுக அந்த ‘தானே’ அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டாள். தம்பி மனைவிக்குப் போன் செய்து மேனேஜரின் விலாசத்தை வாங்கிக்கொண்டாள். பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு போர்வையும். மேனேஜரின் வீடு ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது தளம். கதவைத் திறந்தவர் மேனேஜரின் மனைவி. தம்பியின் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

உட்காரத் தோன்றவில்லை. வாசலுக்கு அருகிலேயே செருப்பு அலமாரியின் மேல் பொம்மை வீடு இருந்தது. முதல்மாடிப் பால்கனியில் கார் சாவியும் வீட்டுச் சாவியும் தொங்கின. கனம் தாங்காமல் லேஸ் ஒருபக்கம் தொய்ந்து, அடியில் பூச்சு விரிசல் விட்டிருந்தது. அந்த வீட்டில் விளையாடுகிற வயதில் குழந்தையே இல்லை. ஒரே மகன் வேலைக்குப் போகிறான்.

“இதை நான் செஞ்சேன்” என்றாள் அளவுக்காரி. “என் தம்பி பொண்ணுக்கு.”

“வெளிநாட்டுச் சாமான்னு சொன்னாங்களே.”

“கூரை ஓடு ஒண்ணை நெம்பிப் பாருங்க. பின்னாடி பிஸ்கட் பேர் இருக்கும்.”

அந்த அம்மாள் நிஜமாகவே நகத்தால் ஓடு ஒன்றை நெம்பினார். திருப்பிப் பார்த்தார். பாதி எழுத்து தெரிந்தது. சாவிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா என்ன சொல்ல?”

“வீடு என் தம்பி வாங்கினது. குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். முகப்பு என்னோடது, அதை யாரும் என்னைக் கேக்கல. நான் எடுத்துட்டுப் போறேன்.”

மூன்று ஸ்க்ரூ சட்டென்று கழன்றன. நாலாவது அடம்பிடித்தது. இரண்டு கையாலும் அழுத்தித் திருகினாள். மேனேஜரின் மனைவி முன்பக்கம் விழாதபடி பலகையைப் பிடித்துக்கொண்டார். கழன்றதும் மஞ்சள் செருப்பு டப்பா பல்லிளித்தது. முகப்பைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

அன்று சாயங்காலம் தம்பி வந்தான். வாசலிலேயே தொடங்கிவிட்டான்.

“என் மானத்தை வாங்கிட்டியே. நாளைக்கு ஆபீஸ்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?”

“உன் மானம் நாலு ஸ்க்ரூவுல தொங்கிட்டிருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?”

“ஒரு பொம்மைக்காகவா இவ்வளவும்?”

“பொம்மைக்காக இல்லடா. மூணு மாசம் என் மேஜையில உக்காந்து உன் பொண்ணு கழுத்து வலிக்க ஓடு அடிச்சுது. அதை ஒரு வார்த்தை கேட்டியா? என்னை விடு, அதைக் கேட்டியா?”

அவன் விறுவிறுவென்று படியிறங்கினான். ஏழு மாதம் பேசவில்லை. அவன் அலுவலகத்தில் ஒன்றும் முழுகிப் போகவில்லை. மேனேஜர் அவனைக் கொஞ்ச நாள் ‘வெளிநாடு’ என்று கூப்பிட்டாராம், அவ்வளவுதான்.

சுண்டுவைத் தாயே கூட்டிவந்து விட்டாள். பின்னால் வீடு இல்லாத முகப்பைப் பார்த்துச் சுண்டு யோசித்தாள். பிறகு அதைப் புத்தக அலமாரியின் முன்னால் சாய்த்துவைத்து, இரண்டு தட்டுப் புத்தகங்களை இறக்கச் சொன்னாள். தட்டுகள் மாடிகளாயின. “இது இன்னும் பெரிய வீடு அத்தை” என்றாள்.

தம்பி மறுபடி வரத் தொடங்கியபோது மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. காபியைக் குடித்தான், அலமாரிப் பக்கம் பார்க்காமலே மகளைக் கூட்டிக்கொண்டு போனான். பின்தங்கி நின்ற தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “கோபம் போயிடுச்சாக்கா?”

“இல்ல” என்றாள் அளவுக்காரி. தொய்ந்த பால்கனியைப் பிரித்தெடுத்து, புது லேஸ் ஒன்றைப் பசையில் முக்கிக்கொண்டிருந்தாள்.